ஆவணி கடைசி வியாழனில் வைத்த கையெழுத்து

தம்பி,

இதைப் பிரித்தவுடன் கடைசிப் பக்கத்துக்குப் போகாதே. உனக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது. எந்தக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தாலும் அடியில் ஆமா இல்லையா என்று பார்த்துவிட்டு மடித்து வைப்பாய். இதை முதல் வரியிலிருந்து வாசி. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பின்னேரம் போகிறது. அவ்வளவு நேரம் கதிரையில் இருந்து எழுதியதை நீ ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரமாவது இருந்து வாசிக்கலாம்.

பான் நகரில் உன் அக்கா வீட்டுக்கு வந்து பதினாறு நாளாகிறது. நீ இரண்டு முறை போன் எடுத்தாய். இரண்டு முறையும் முழங்கால் எப்படி என்று கேட்டாய். உன் கூடத்தில் சட்டி கழுவுகிற ஊவேயைப் பற்றி நான் வாய் திறந்ததும், ஓடர் ஒன்றில் நிற்கிறேன், பிறகு எடுக்கிறேன் என்றாய். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை. அதனால்தான் கடிதம். நான் எழுத எழுத அக்கா பக்கத்தில் இருந்து கணினியில் தட்டித் தருகிறாள். எழுத்துப் பிழை பார்க்க அவளுக்கு விட்டிருக்கிறேன். கருத்தில் கைவைக்க விடவில்லை. இரண்டு இடத்தில் "அம்மா, இது கொஞ்சம் கூடிப்போச்சு" என்றாள். அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். பெயர்களை மாற்றி, நம்மாட்கள் நடத்துகிற மாதச் சஞ்சிகைக்கும் ஒரு பிரதி கொடுக்கப் போகிறேன். அகதியாக வந்து கோப்பை கழுவிய நம்மவர்கள் இன்றைக்கு நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிற முதலாளிகளாகி இருக்கிறார்கள். உன் மேசை லாச்சியில் கிடக்கிற கடிதம் அவர்களில் பலரின் லாச்சியிலும் கிடக்கலாம். அவர்களும் வாசிக்கட்டும் என்பதற்காகத்தான் உனக்குத் தெரிந்த சிலதையும் இங்கே திரும்ப எழுதுகிறேன். குறை நினைக்காதே. நினைத்தாலும் பரவாயில்லை.

லாச்சியிலிருந்தே தொடங்குகிறேன். அன்றைக்கு நான் உன் மேசையைத் துழாவ வரவில்லை. பெட்டி ஒட்டுகிற நாடா முடிந்துவிட்டது. என்னோடு வேலை செய்கிற பவானி மாவு கையோடு நின்றாள், அதனால் நான் எடுக்கப் போனேன். மேலேயே அந்தக் கடிதம் கிடந்தது. இந்த நாட்டு டொச் பாஷை எனக்குக் கதைக்க வரும், வாசிக்க வராது என்று நீ எல்லாரிடமும் சொல்வாய். அந்தக் கடிதத்தின் தலைப்பில் இருக்கிற ஒரு சொல்லை மட்டும் என்னால் நன்றாக வாசிக்க முடியும். எனக்கே அப்படி ஒன்று வந்திருக்கிறது. வேலையிலிருந்து விலக்குகிறோம் என்ற சொல். கீழே ஊவேயின் பெயர். கையெழுத்து மட்டும் இன்னும் போடாமல் இருந்தது.

அன்று பின்னேரம் நாங்கள் இரண்டு பேரும் கதைத்தது உனக்கு மறந்திருக்கும். எனக்கு ஒன்றும் மறக்காது, அதுதான் எனக்குள்ள வருத்தம். நீ குளிர் அறைக் கதவில் சாய்ந்துகொண்டு நின்றாய்.

"நான் என்ன தர்மச் சத்திரமே நடத்திறன், அம்மா? யொப்சென்ரர் அரைவாசிச் சம்பளம் தருமெண்டுதானே அவரை எடுத்தது. அது வரேல்லை. ஏன் வரேல்லையெண்டு உங்களுக்குத் தெரியும்."

"என்ர நல்ல நேரத்தாலதான் எண்டு வாய் திறந்து சொல்லன். வாய் நோகுமே?"

"ஓம். உங்கட நல்ல நேரத்தாலதான்."

நீ சொன்னது உண்மை. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. அடுத்த நாள் காலை ரயிலேறி இங்கே வந்துவிட்டேன்.

வெளியாட்களுக்கு இது விளங்க வேண்டும் என்பதால் நடந்ததைச் சொல்கிறேன். ஸ்டுட்கார்ட்டில் என் மகன் ஒரு சமையற்கூடம் நடத்துகிறான். கலியாணவீடு, சாமத்தியவீடு, பிறந்தநாள், கோயில் அன்னதானம் எல்லாவற்றுக்கும் றோல்ஸ், பற்றிஸ், வடை, இடியப்பம் போகிறது. போன கோடையில் ஓடர் கூடியது. கழுவவும் பெட்டி அடுக்கவும் ஒரு ஆள் தேவைப்பட்டது. நம்மாட்களில் யாரும் வரவில்லை. வேலை இல்லாதவர்களைப் பார்க்கிற அரசாங்கக் கந்தோரான யொப்சென்ரரில் ஒரு பெண், ஐம்பத்தேழு வயதில் ஒருவர் இருக்கிறார், பெரிய கிட்டங்கி ஒன்றில் வேலை செய்தவர், அது பூட்டியபின் முதுகில் ஒப்பரேசன், ஏழு வருடமாக ஒருவரும் எடுக்கவில்லை, நீங்கள் எடுத்தால் முதல் வருடம் அவருடைய சம்பளத்தில் ஒரு பங்கை நாங்கள் தருவோம் என்று சொன்னாள். அதோடு ஒரு ஒழுங்கையும் சொன்னாள். முதலில் அன்ராக், அந்தக் காசு கேட்கிற விண்ணப்பம், போக வேண்டும். அதற்குப் பிறகுதான் ஒப்பந்தம். அதற்கும் பிறகுதான் வேலை. அந்த வரிசை மாறினால் காசு இல்லை. காசு இல்லாமலே எடுக்கக்கூடிய முதலாளிக்கு அரசாங்கம் ஏன் கொடுக்க வேண்டும் என்பது அவர்களுடைய கணக்கு.

இந்த வரிசையை நீ எனக்குச் சொன்னாய். சொல்லவில்லை என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். கணக்குப் பார்க்கிற மனிதர் விடுமுறையில் நிற்கிறார், அவர் வந்தபின் அடுத்த புதன்கிழமை அன்ராக் அனுப்பி, அதற்குப் பிறகு கையெழுத்து வைப்போம் என்றாய். நான் கலண்டரைப் பார்த்தேன். அடுத்த புதன் என்றால் புரட்டாதி பிறந்துவிடும். புரட்டாதியில் நம்மாட்கள் புது அலுவல் தொடங்குவதில்லை. கோயில் ஐயருக்குப் போன் எடுத்தேன். ஆவணி கடைசி வியாழன் நல்ல நாள், காலை பத்தே முக்காலுக்கு முன் வைக்கலாம் என்றார். ஐயரைக் குறை சொல்ல ஏலாது. கேட்டதற்குச் சொன்னார். அன்ராக் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை.

நீ மாட்டேன் என்றாய். நான் அழுதேன். அழுது முடியாது என்று கண்டதும், புரட்டாதியில் கையெழுத்து வைத்தால் இனி உன் அடுப்படிக்குள் கால் வைக்கமாட்டேன் என்றேன். அந்தச் சனிக்கிழமை இரண்டு கலியாண ஓடர். எந்த நேரத்தில் எதைச் சொன்னால் நீ மடங்குவாய் என்று எனக்குத் தெரியும், பெற்றவள் அல்லவா. நீ மடங்கினாய். வியாழன் காலை பிள்ளையார் படத்துக்கு முன் குத்துவிளக்கு ஏற்றி, வெற்றிலை பாக்கு வைத்து, ஊவே வெள்ளைச் சட்டை போட்டு வந்து கையெழுத்து வைத்தார். நான் அவர் நெற்றியில் சந்தனம் வைத்தேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை, குனிந்து கொடுத்தார். அன்றைக்கே ஏப்ரனைக் கட்டி முதல் சட்டியைக் கழுவ வைத்தேன், நாள் வீணாகக் கூடாது என்று. அன்ராக் அடுத்த புதன்கிழமை போனது, வியாழன் திகதியிட்ட ஒப்பந்தத்தின் பிரதியோடு. மூன்று கிழமையில் மறுத்துக் கடிதம் வந்தது. யொப்சென்ரரில் ஒரு பிழையும் இல்லை. அவர்கள் தெளிவாகச் சொன்னதை நாங்கள்தான் கேட்கவில்லை.

இவ்வளவும் உனக்குத் தெரியும். இனி எழுதப்போவது தெரியாது.

நான் நாள் பார்த்தது ஊவே நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக அல்ல. அவரை நீ எடுக்கப் போகிறாய் என்று மருமகள் சுகந்தி சொன்னபோது நான் அவளிடம் சொன்னது இதுதான்: "ஒரு வெள்ளைக்காரனை அவன்ர நாட்டிலயே ஏழு வருஷமா ஒருத்தரும் எடுக்கேல்லையெண்டால் அதில ஏதோ இருக்கு, பிள்ளை." அவரோடு சனி வருகிறது என்று நினைத்தேன். அந்தச் சனி உன் தொழிலில் பிடிக்காமல் இருக்கத்தான் நல்ல நேரம் தேடினேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாள். அந்தப் பார்வையை நான் அவளுக்கு மன்னிக்க ஐந்து மாதம் எடுத்தது. இன்னொன்றும் சொல்கிறேன். மறுத்த கடிதம் வந்த அன்று நீ தலையில் கைவைத்துக்கொண்டிருந்தாய். நான் பக்கத்தில் நின்று ஐயோ என்றேன். உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது. இனி இந்த மனிதன் போய்விடுவான், நம்மாள் ஒருவரைப் பார்க்கலாம் என்று. இதை எழுதும்போது அக்கா தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். தட்டு என்றேன்.

ஏன் அப்படி நினைத்தேன் என்றால் அதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. நீ வளர்ந்த வீட்டில் அதைப் பற்றி ஒருநாளும் கதைக்கவில்லை. நான் சலவைக் கொம்பனியில் வேலை செய்தது உனக்கு நினைவிருக்கும். நாங்கள் முகாமில் இருந்த வருடங்களில் எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. அனுமதி வந்தபோது எனக்கு டொச் இல்லை, படிப்பு இல்லை, கையில் ஒரு சான்றிதழ் இல்லை. பதினொரு இடத்தில் கேட்டேன். பதினொரு கதவையும் இன்றைக்கும் வரிசையாகச் சொல்லுவேன். பன்னிரண்டாவதாக அந்தச் சலவைக் கொம்பனி எடுத்தது. ஹோட்டல் படுக்கைத் துணி, தலையணை உறை, மேசைத் துணி. சூடான உருளைக்குள் துணியைக் கொடுத்து மறுபக்கம் எடுத்து மடிக்க வேண்டும். மேற்பார்வைக்கு ப்றவ் லோமன் என்று ஒருத்தி. மண்ணிறக் கம்பளிச் சட்டை, மேலிருந்து மூன்றாவது பொத்தான் இல்லை, அந்த இடத்தில் ஊசி குத்தியிருப்பாள். முதல் நாள் எனக்குக் கேக் வெட்டித் தந்தாள். நான் வேகமானவள் என்பதால் எடுத்தார்கள் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைய இருக்கும்போது கடிதம் வந்தது. நீதான் வாசித்தாய். உனக்கு அப்போது பதின்மூன்று வயது. எங்கள் வீட்டுக் கடிதம் எல்லாம் நீதானே வாசிப்பாய். வாசித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்தாய். பிறகு, "புது மெசின் வருதாம் அம்மா. ஆக்களைக் குறைக்கினமாம். உங்களை மட்டுமில்லை" என்றாய். நான் நம்பினேன். மெசினோடு யார் சண்டை பிடிப்பது?

நாலு மாதத்துக்குப் பிறகு, மரக்கறிப் பையோடு பஸ்ஸுக்குப் போகிற வழியில் அந்தக் கொம்பனியின் பதிந்த யன்னலால் பார்த்தேன். அதே உருளை. அதே இடம். நான் நின்ற இடத்தில் வேறொரு பெண் நின்று துணி கொடுத்துக்கொண்டிருந்தாள். பஸ் தரிப்பில் ஐஷே நின்றாள், என்னோடு வேலை செய்த துருக்கிக்காரி. அவள்தான் எனக்கு விளங்கக்கூடிய டொச்சில் சொன்னாள். என்னை எடுத்ததற்காகத் தொழிற் கந்தோர் கொம்பனிக்குக் காசு கொடுத்ததாம். காசு வருகிற காலமும், அதற்குப் பிறகு கட்டாயம் வைத்திருக்க வேண்டிய காலமும் முடிந்த மறுமாதம் என்னை நிறுத்தினார்களாம். "அவளுக்கு இப்பதான் காசு தொடங்கியிருக்கு" என்று யன்னலைக் காட்டினாள்.

வீட்டுக்கு வந்து அந்தக் கடிதத்தை எடுத்து வேறு ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். மெசின் என்று ஒரு சொல்லும் அதில் இல்லை. நீ எனக்காக மாற்றிச் சொன்னாய் என்று விளங்கியது. நீ குழந்தை. தாய்க்கு நோகக்கூடாது என்று நினைத்தாய். ஆனால் நான் உன்னோடும் கோபித்தேன் தம்பி, இவ்வளவு காலமும் சொல்லாமல் கோபித்தேன். அந்தக் கோபத்தை இன்றைக்கு இந்தக் கடிதத்தோடு விடுகிறேன். ப்றவ் லோமனோடு உள்ளதை விடவில்லை. சந்தையில் ஒருமுறை கண்டு வணக்கம் சொன்னாள், நான் உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தத் தெருவால் போகிற பஸ்ஸில் இன்றைக்கும் ஏறமாட்டேன். இரண்டு தரிப்புத் தள்ளி நடந்துபோய் மற்ற பஸ் எடுப்பேன், இந்த முழங்காலோடும்.

என்னை நிறுத்தியதுகூடப் பெரிய நோ இல்லை. வேலை என்றால் வரும் போகும். நான் வேகமானவள் என்று நினைத்துக்கொண்டிருந்த இரண்டு வருடத்தையும் அவர்கள் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு நாளும் நான் மடித்த துணியை அவள் நல்லது, நல்லது என்று சொன்னது எதற்கு என்று தெரியாமல் போனது. என் இடத்தில் யார் நின்றாலும் அவர்களுக்கு ஒன்றுதான். காசு யாரோடு வருகிறதோ அவரை உருளைக்கு முன்னால் நிறுத்துவார்கள். இப்போது உன் லாச்சியில் கிடக்கிற கடிதத்தில் நீ எழுதியிருப்பதும் இதுதான். ஊவேயை அனுப்பிவிட்டு, வரிசை பிசகாமல் அன்ராக் போட்டு, காசோடு வருகிற இன்னொருவரை எடுப்பது உன் யோசனை. அன்றைக்கு நீயே சொன்னாய். சொல்லும்போது நீ ப்றவ் லோமனைப்போல இல்லை. கலியாண ஓடர் கணக்கைப் போல, அலுத்துப்போய்ச் சொன்னாய். அவளும் அப்படித்தான் தன் வீட்டில் சொல்லியிருப்பாள் என்று இங்கே வந்து கிடந்தபோது எனக்குத் தோன்றியது. தோன்றினாலும் நான் அவளை மன்னிக்கவில்லை.

ஊவே நல்ல மனிதர், அதனால் வைத்திரு என்று எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பாய். அப்படி எழுதமாட்டேன். அவர் மெதுவானவர். குளிர் அறைக் கதவை ஒழுங்காகச் சாத்தமாட்டார். வேலை செய்யும்போது ஒரே மெட்டை விசிலடிப்பார், எனக்குத் தலையிடி வரும். முதல் இரண்டு மாதமும் பெரிய தாச்சியைக் கழுவ அவர் எடுத்த நேரத்தில் பவானி மூன்று கழுவியிருப்பாள். குந்துவதற்கு ஒரு மர வாங்கைப் போட்டு அதில் இருந்துகொண்டு கழுவுகிறார் என்று நான் உன்னிடம் முறையிட்டேன், சோம்பேறி என்றேன். முதுகுக்குள் இரும்பு வைத்திருக்கிறவர் எப்படி நின்று கழுவுவார் என்று நான் யோசிக்கவில்லை.

மார்கழியில் திருவெம்பாவைக்கு ஓடர் குவிந்த கிழமை என் முழங்கால் பந்துபோல வீங்கியது. நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அடுத்த நாள் காலை என் மேசைக்கு முன்னால் இன்னொரு வாங்கு இருந்தது, என் உயரத்துக்குக் காலை வெட்டி. ஊவே தன் பக்கத்துக்குப் போய் விசிலடிக்கத் தொடங்கினார். நான் அரை மணி நேரம் வீம்புக்கு நின்றேன். பிறகு இருந்தேன். இந்த நாட்டுக்கு வந்த காலம் தொட்டு நின்றுகொண்டு றோல்ஸ் சுற்றியவள் நான். இருந்துகொண்டும் சுற்றலாம் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. இப்போது பவானியும் இருந்துகொண்டுதான் சுற்றுகிறாள். போன தையில் இருந்து நேரத்துக்கு ஓடர் முடிகிறது என்று நீ சந்தோஷப்பட்டாய், புது அடுப்பால் என்று நினைத்தாய். அடுப்பால் இல்லை, தம்பி. ஆனால் அந்த வாங்குக்காகவும் அவரை வைத்திருக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. வாங்கு செய்யாவிட்டாலும் இதையேதான் கேட்பேன்.

இங்கே ஒரு ஆலோசனைக் கந்தோர் இருக்கிறது. அக்காவைக் கூட்டிக்கொண்டு, முன்கூட்டியே நேரம் கேட்டு ரெர்மின் எடுத்துப் போனேன். அங்கிருந்த பெண்ணிடம் கேட்டேன், இந்தக் காசு எதற்கு என்று. முதலாளிக்குப் பரிசா, சம்பளமா? இரண்டும் இல்லை என்றாள். கனகாலம் வேலை இல்லாமல் இருந்தவருக்குக் கை பழக நாள் எடுக்கும். அந்த நாட்களில் முதலாளிக்கு வருகிற நட்டத்தை அரசாங்கம் தாங்குகிறது, அதற்குப் பிறகு அவர் மற்றவர்களைப்போல வேலை செய்வார் என்பது எண்ணம். அப்படியென்றால் நீ யோசித்துப் பார். ஊவேயின் மெதுவான மாதங்களை நீ உன் காசிலேயே தாங்கிவிட்டாய். பிழை என்னுடையது, நட்டம் உன்னுடையது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கை பழகியவரை அனுப்பிவிட்டு, பழகாத ஒருவரைக் காசோடு எடுத்து, திரும்பவும் முதல் சட்டியிலிருந்து தொடங்குவது உனக்கு எந்த வகையில் இலாபம்? அதோடு, ஒருவரை நிறுத்தி அந்த இடத்துக்கு இன்னொருவரைக் காசுக்காக எடுக்கிறார்கள் என்று கண்டால் அந்தக் காசும் வராது என்று அந்தப் பெண் சொன்னாள். சட்டத்தைக் காட்டி உன்னை வெருட்ட இதை எழுதவில்லை. சட்டம் அனுமதித்தாலும் நான் விடமாட்டேன். தெரிந்துகொள் என்றுதான்.

முந்தநாள் ஊவேக்குப் போன் எடுத்தேன். உன்னைக் கேட்காமல் எடுத்தேன், கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய். எனக்கு நடந்ததில் நான் மன்னிக்காதது எது என்று யோசித்தேன். முகத்துக்கு முன்னால் ஒருவரும் உண்மையைச் சொல்லவில்லை என்பதுதான். அதனால் நானே சொல்வது என்று தீர்மானித்தேன். உன் லாச்சிக் கடிதத்தைப் பற்றி நான் சொல்லவில்லை, அது உன் வாய்க்குரியது. காசு வராமல் போனது என்னால், என் நல்ல நேரத்தால், உங்கள் வேலைக்கு அதனால் ஆபத்து என்று மட்டும் எனக்குத் தெரிந்த டொச்சில் சொன்னேன். அவர் என்னை ஷெஃபின் என்றுதான் கூப்பிடுவார், முதலாளியம்மா என்பதுபோல. நீ சும்மா ஷெஃப்தான். அவர் சொன்னதை என் பேச்சில் எழுதுகிறேன்.

"எனக்குத் தெரியும் ஷெஃபின். ஒக்ரோபரிலேயே யொப்சென்ரரில எனக்கும் சொன்னவை. அதுக்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடிதம் தருவினமெண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

"தெரிஞ்சும் பிறகேன் ஒவ்வொரு நாளும் வந்தனீங்கள்?"

"சனிக்கிழமை ஓடர் இருந்ததுதானே."

என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்டேன். நான் ஒருவரிடமும் அப்படிக் கேட்டதில்லை, உன் அப்பாவிடம்கூட. அவரோ, வெள்ளைச் சட்டைக் கொலரில் பட்ட சந்தனம் மூன்று தரம் தோய்த்தும் போகவில்லை, அதற்கு என்ன போட வேண்டும் என்று கேட்டார். எலுமிச்சம்புளி போட்டு வெயிலில் காயவிடச் சொன்னேன். இங்கே எங்கே வெயில் என்றார். பிறகு முழங்காலைக் கேட்டார். நீ கேட்டதுபோலத்தான், ஆனால் பதிலைக் கேட்கும்வரை நின்றார்.

ஐந்து மாதம், தம்பி. இருபதுக்கு மேற்பட்ட வெள்ளிக்கிழமை. இன்றைக்கு வருமோ என்று பார்த்துக்கொண்டே ஒரு மனிதர் உன் சட்டியைக் கழுவியிருக்கிறார். எனக்கு அந்தக் கடிதம் ஒருநாள் வந்தது, இருபத்தெட்டு வருடம் சுமக்கிறேன். அவர் வராத கடிதத்தை ஒவ்வொரு கிழமையும் சுமந்திருக்கிறார். இதை அறிந்த பிறகு இனி இதில் விட்டுக்கொடுக்க என்னிடம் இடமில்லை.

ஆகவே நான் செய்ததைச் சொல்கிறேன். உன் கொம்பனியில் என் பெயரிலும் ஒரு சின்ன வேலை பதிந்திருக்கிறது, வெள்ளியும் சனியும். நீ தொடங்கிய நாளிலிருந்து பதிந்திருக்கிறது. எனக்கு எழுபத்தொரு வயது. ஓய்வூதியம் வருகிறது, கொஞ்சம்தான், ஆனால் எனக்குக் காணும். இந்த உறைக்குள் இன்னொரு தாள் இருக்கிறது. நானாகவே இந்த மாதத்தோடு விலகுகிறேன் என்று டொச்சில் எழுதியிருக்கிறது. அக்கா எழுதினாள், ஒவ்வொரு வரியையும் எனக்குத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டு, நான்தான் கையெழுத்து வைத்தேன். சுகந்திக்குக் காட்டு, சரியாக இருக்கிறது என்பாள். என் சம்பளம் ஊவேயின் சம்பளத்துக்கு ஈடாகாது, அது எனக்குத் தெரியும். ஈடாகிறது என்று காட்ட அல்ல. இந்த நட்டத்தில் என் பங்கை நான் கட்டுகிறேன். அம்மா சும்மா சொல்லுவா, சனிக்கிழமை வந்து நிற்பா என்று நினைக்காதே. சம்பளம் இல்லாமல் வந்து நிற்பது சட்டத்துக்கும் பிழை, எனக்கும் பிழை. வரமாட்டேன். தாச்சிக்கு முன்னால் நிற்கப் பவானி காணும். றோல்ஸ் சுற்ற ஊவேக்குத் தெரியும். மார்கழியில் இருந்து பார்த்துப் பழகியிருக்கிறார். அவர் சுற்றுவது கொஞ்சம் தடிப்பு. வாங்குகிற சனம் முறையிடாது.

நீ செய்ய வேண்டியது ஒன்று. அடுத்த கிழமையோடு அவருடைய முதல் ஆறு மாதம், காரணம் சொல்லாமல் நிறுத்தக்கூடிய காலம், முடிகிறது. அதுவரை காத்திருக்காதே, இன்னொரு வெள்ளிக்கிழமையை அவருக்குக் கொடுக்காதே. திங்கட்கிழமை காலை, அவர் ஏப்ரன் கட்ட முதல், நேரே பார்த்து, நீங்கள் இங்கே தொடர்ந்து வேலை செய்கிறீர்கள் என்று சொல். கடிதம் வேண்டாம், வாயால் சொல். வேறு காரணம் எதுவும் சொல்லத் தேவையில்லை. அவர் ஒன்றும் பெரிதாகச் சொல்லமாட்டார். போய் விசிலடிக்கத் தொடங்குவார். பொறுத்துக்கொள்.

உன் வீட்டில் வைத்து, ஒரு ஆளைக் குறைத்தால்தான் கொம்பனி தாங்கும் என்று சொன்னாய். நான் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். ஒரு ஆள் குறைந்தாயிற்று. இனிக் குறைக்க ஆள் இல்லை.

எனக்குப் போன் எடுப்பதென்றால் திங்கட்கிழமை எட்டு மணிக்குப் பிறகு எடு. அவரிடம் சொல்லிவிட்டு எடு. அதற்கு முதல் எடுத்தால் முழங்காலைப் பற்றிக்கூட நான் கதைக்கமாட்டேன்.

உன்னைப் பெற்றவள்